பனிப்பாறை தொடாத பொன்னிலம்

வட அமெரிக்காவின் வடமேற்குக் கோடியில், யூக்கான் மகாநதியோடு க்ளோண்டைக் ஆறு வந்து கலக்கும் இடத்தை அடுத்த குன்றுப் பிரதேசத்தில் பொன் கிடைத்த விருத்தாந்தத்தைச் சொல்பவர்கள், பெரும்பாலும் 1896 ஆகஸ்டு 16-ஆம் தேதியில் தொடங்கி, அதன் பின் பொன்னாசையால் மதிமயங்கி ஓடிய ஜனத்திரளோடு கதையை முடித்துவிடுகிறார்கள். கதை சுவையானதுதான், எனினும் அந்தப் பொன் அங்கே எஞ்சியிருந்ததற்கான காரணம் மனித சரித்திரத்துக்கு வெகுகாலம் முந்தியது.

பனி யுகங்களில் கனடா தேசத்தின் பெரும்பகுதியை மூடிக்கிடந்த பனிப்பாளங்கள், நகர்ந்த வழியெல்லாம் பள்ளத்தாக்குகளைச் சுரண்டி, ஆற்றுப்படுகைகளைக் கலைத்து, சரளையை அள்ளிக் கண்ட இடத்தில் கொட்டிச் சென்றன. கடற்கரையோரத்து உயர்ந்த மலைகள் மேகங்களை மறித்துவிட்டமையால் வறண்டு கிடந்த க்ளோண்டைக் குன்றுகளை அவை எட்டவில்லை. ஆகவே அங்குள்ள ஓடைகள் தம் தொழிலை இடையூறின்றிச் செய்துவந்தன. சுமார் 16 கோடி ஆண்டுகளுக்கு முன், அப்பிரகம் மிகுந்த பழம்பாறைகளின் பிளவுகளில் பூமியின் ஆழத்து வெந்நீர் புகுந்து வெங்கச்சங்கல் ரேகைகளையும் அவற்றினூடே பொன்னையும் படியவிட்டிருந்தது. அப்பாறைகள் நாளடைவில் உதிர்ந்து ஓடையில் விழுந்தபோது, தண்ணீரைவிட 2.65 மடங்கே கனத்த வெங்கச்சங்கல் பொடியைப் பிரவாகம் அடித்துக்கொண்டு போக, 19 மடங்கு கனத்த பொன் அடிப்பாறையின் வெடிப்புகளில் இறங்கித் தங்கிவிட்டது.

சுமார் 50 லட்சம் ஆண்டுகளுக்கு முன் தொடங்கி இவ்வாறு குவிந்த வெளுத்த சரளையைச் சுரங்கக்காரர்கள் ‘வெள்ளைக் கால்வாய்’ என்றார்கள். பின்னர் முதற்பனி யுகத்தில், தெற்கு நோக்கி ஓடிய யூக்கான் நதியைப் பனிப்பாளம் மறித்து வடமேற்கே திருப்பிவிட்டது. நதி தாழ, ஓடைகளும் தம் படுகையை ஆழ வெட்டிக்கொண்டு இறங்கின. பழைய படுகை குன்றின் தோளில் தொங்கலாய் நின்றது. அதிலிருந்து சரிந்த பொன் கீழே மறுமுறை அரிக்கப்பட்டு மேலும் செறிந்தது. இந்த நிலத்தைத் தொடாமல் விட்ட பனி, தூரத்தில் நின்றே செய்த உபகாரம் அது.

அப்படிச் செறிந்த பொன்னைத்தான், முயல் ஓடை என்று வழங்கிய சிற்றோடையில், டாகிஷ் இனத்தவரான ஸ்கூக்கம் ஜிம்மும், அவர் மருமகன் டாசன் சார்லியும், ஜிம்மின் சகோதரியை மணந்திருந்த அமெரிக்கர் ஜார்ஜ் கார்மாக்கும் கண்டார்கள். முதலில் கண்டவர் ஜிம் என்றே அவர் உறவினர் சொல்லிவந்தனர். கண்டுபிடித்தவருக்குரிய பாத்தியதையோ கார்மாக்கின் பேரில் பதிவாயிற்று. மலைக்கு அப்பால் அரித்துக்கொண்டிருந்த ராபர்ட் ஹென்டர்சன், இந்தப் பக்கம் தேடிப் பார்க்கும்படி முன்பே கார்மாக்கிடம் சொன்னவர். கார்மாக்கின் உறவினரை இகழ்ந்து பேசியதால் அவருக்குச் செய்தி அனுப்பப்படவில்லை. அவமதிப்புக்கு இவ்வளவு பெரிய விலை கொடுத்தவர் அரிது.

ஓடை ‘பொனான்ஸா’ என்று பெயர் மாறிற்று. 1897 ஜூலையில் பொன் மூட்டைகளுடன் கப்பல்கள் சான் பிரான்சிஸ்கோவையும் சியாட்டிலையும் அடைந்ததும் ஏறத்தாழ ஒரு லட்சம் பேர் கிளம்பினர். போய்ச் சேர்ந்தோர் முப்பது நாற்பதாயிரம். அதற்குள் நல்ல ஓடையெல்லாம் முளையடிக்கப்பட்டாகிவிட்டது. ஆற்று முகத்தில் காலங்காலமாக மீன் பிடித்து வாழ்ந்த ட்ரொன்டெக் ஹ்வெச்சின் மக்கள், தம் தலைவர் ஐசக்குடன் கீழாற்றிலுள்ள மூஸ்ஹைடுக்குப் பெயர்ந்தனர். பொன்வேட்டைக் கதைகளில் இதற்கு ஒரு வரிக்கு மேல் இடம் கிடைப்பதில்லை.

அனுபவசாலிகள், பொன் பள்ளத்தில்தான் கிடைக்கும் என்று இருந்தார்கள். ஒன்றும் அறியாத புதியவர்கள் குன்றின் மேலேறித் தோண்டியபோது பார்த்துச் சிரித்தார்கள். ஆனால் அங்கே வெள்ளைக் கால்வாயின் பொன் கிடந்தது. சாஸ்திரம் அறிந்து தோண்டியவர் அவர்களில் எவருமில்லை. பூகர்ப்ப சாஸ்திரி மக்கானல் அந்தச் சரளையை ஆராய்ந்து எழுதியது பிற்பாடுதான்.

வேலையோ கொடிது. நிலம் ஆண்டு முழுதும் உறைந்தே கிடப்பது. மாலையில் குழியின் அடியில் விறகை அடுக்கித் தீ மூட்டுவார்கள், காலையில் புகை அடங்கியதும் இறங்கி, இளகிய சிறிதளவு மண்ணை வாளியில் அள்ளிக் கைராட்டினத்தால் மேலே இழுப்பார்கள், மறுபடியும் தீ. அடிப்பாறை தட்டுப்பட்டதும் பக்கவாட்டில் குடைவார்கள். உறைந்த மண்ணாகையால் குழி சரியாது, முட்டுக்கட்டை வேண்டாம், நீரும் ஊறாது. அது ஒன்றே அனுகூலம். குளிர்காலமெல்லாம் குவித்த மண்ணை, வசந்தத்தில் பனி உருகியபின், குறுக்குச் சட்டங்கள் அறைந்த மரவாய்க்காலில் கொட்டி நீரை விடுவார்கள். சட்டங்களுக்கு இடையில் கரிய இரும்பு மணலோடு மஞ்சள் மின்னும்போதுதான் ஆறு மாதப் பிரயாசைக்குப் பலன் உண்டா இல்லையா என்பது தெரியும். சரளைக்கு மேலுள்ள கருஞ்சேற்றில் மாமூத யானைகளின் எலும்பும் தந்தமும் கிடைப்பதுண்டு. 2022-இல் யுரேகா ஓடையில் தோலும் ரோமமும் குலையாத மாமூதக் குட்டி ஒன்றையே சுரங்கத் தொழிலாளர் கண்டெடுத்தார்கள். அதன் வயது முப்பதாயிரம் ஆண்டுகளுக்கு மேல்.

தனிமனிதனின் வாளிக்குப் பின் நீராவிக் குழாய்களும், அவற்றின் பின் மிதக்கும் தூர்வாரி யந்திரங்களும் வந்தன. 1912-இல் கட்டப்பட்ட நான்காம் எண் தூர்வாரி, எட்டு மாடி உயரமுள்ளது, 1959 வரை வேலை செய்தது. அது கக்கிய கற்குவியல்கள் புழு ஊர்ந்த தடம்போல் பள்ளத்தாக்கு நெடுக வளைந்து கிடக்கின்றன. பசுமையை இழந்த அந்த நிலத்தைப் பார்க்கையில், பொன்னின் கணக்கில் இந்தச் செலவை எவரும் எழுதவில்லையே என்று தோன்றுகிறது.

இத்தனை பொன்னுக்கும் மூலமான ‘தாய் ரேகை’யைத் தேடி மேலே குன்றுகளைக் குடைந்தவர்கள் பலர், ஓடைகளின் வளத்துக்கு ஈடான ரேகை எதுவும் அவர்களுக்கு அகப்படவில்லை. அப்படியொரு பெரிய ரேகை இருந்தே தீரவேண்டும் என்பதற்கு நியாயமும் இல்லை. எண்ணற்ற மெல்லிய ரேகைகள், மலையின் பெரும் கனத்தோடு சேர்ந்து, கலைப்பாரில்லாத அத்தனை காலம் தேய்ந்து போனாலே இந்த ஓடைகள் நிரம்பப் போதும். அவ்வாறாயின் தேடுகிறவர்கள் தேடும் மலை முன்பே கரைந்துவிட்டது.