மூட்டை சுமந்த தோள்களுக்குக் கட்டடம் இல்லை

அமெரிக்காவின் சிறு ஊர்களில் ரயில் பாதையை ஒட்டி உயரமான தானியக் கோபுரங்கள் நிற்கும். வண்டியில் வரும் கோதுமையை இயந்திர வாளிகள் மேலே அள்ளிக் கொட்டும். சேமித்து வைத்து, ரயில் வரும்போது குழாய் வழியாகப் பெட்டியில் இறக்குவார்கள். 1842இல் பஃபலோ நகரில் ஜோசப் டார்ட் என்பவர் நீராவியில் இயங்கும் முதல் கோபுரத்தைக் கட்டினார். இன்று அவற்றில் பல பாழடைந்து கிடக்கின்றன. கோபுரத்தையும் பக்கத்தில் இருக்கும் பழைய ரயில் நிலையத்தையும் ஊர் ஊராகத் தேடிப் படம் எடுத்து ஆவணப்படுத்தும் ஆர்வலர்கள் அங்கே உண்டு.

சென்னையில் அப்படித் தேடினால் என்ன கிடைக்கும்? மயிலாப்பூர், தியாகராய நகர், அடையாறு என்று நடந்து பாருங்கள். கோயில் கிடைக்கும், பங்களா கிடைக்கும், சபா கிடைக்கும். இந்த நகரத்துக்குள் அரிசி எப்படி வந்தது என்று சொல்லும் கட்டடம் மட்டும் கிடைக்காது. காரணம் எளியது. அமெரிக்காவில் இயந்திரம் செய்த வேலையை இங்கே மனிதர்கள் செய்தார்கள். படகிலிருந்து கரைக்கு, கரையிலிருந்து வண்டிக்கு, வண்டியிலிருந்து மண்டிக்கு என்று மூட்டையை ஏற்றி இறக்கியது ஒரு கூலிக்காரரின் தோளும் முதுகும்தான். கோபுரம் பாழடைந்தாலும் நிற்கும். தோள் நிற்பதில்லை.

ஆனால் ஒரு தடம் மிச்சம் இருக்கிறது. அது பக்கிங்காம் கால்வாய். இன்று மூக்கைப் பொத்திக்கொண்டு கடக்கிற அந்தக் கால்வாய்தான் ஒரு காலத்தில் அரிசியும் விறகும் உப்பும் வந்த நெடுஞ்சாலை. 1806இல் பேசில் காக்ரேன் என்ற வெள்ளைக்கார வணிகர் சென்னையிலிருந்து எண்ணூர் வரை வெட்டிய கால்வாய் அதன் தொடக்கம். 1837இல் அரசு அதை எடுத்துக்கொண்டது. பிறகு வடக்கே ஆந்திரக் கடற்கரை வழியாகவும் தெற்கே மரக்காணம் வரையிலும் நீட்டினார்கள். மொத்தம் சுமார் 420 கிலோமீட்டர். அதில் சுமார் 163 கிலோமீட்டர் தமிழ்நாட்டில் இருக்கிறது.

நாங்கள் பேச விரும்புவது அதில் ஒரு சிறு துண்டைப் பற்றி. கூவத்தையும் அடையாற்றையும் இணைக்கும் ஏறத்தாழ 8 கிலோமீட்டர். சேப்பாக்கம், திருவல்லிக்கேணி, மயிலாப்பூர், மந்தைவெளி வழியாக அடையாற்றில் சேரும் இந்தத் துண்டு 1877-78இல் வெட்டப்பட்டது. ஆண்டைக் கவனியுங்கள் தோழர்களே. அதுதான் தாது வருஷப் பஞ்சம்.

1876இல் மழை பொய்த்தது. விலை ஏறியது. தென்னிந்தியா முழுக்க மக்கள் செத்து விழுந்தார்கள். பஞ்சத்தாலும் அதைத் தொடர்ந்த நோய்களாலும் இறந்தவர்கள் 50 லட்சத்துக்கும் மேல் என்று மதிப்பிடுகிறார்கள். 1871 கணக்கெடுப்பில் சென்னை மாகாணத்தில் சுமார் 3.12 கோடிப் பேர். 1881இல் அது சுமார் 3.08 கோடி. பத்து ஆண்டுகளில் பெருகியிருக்க வேண்டிய மக்கள்தொகை குறைந்துபோனது.

நாட்டில் தானியம் அறவே இல்லை என்று நினைக்க வேண்டாம். கப்பலில் வந்த தானியம் சென்னைக் கடற்கரையில் மூட்டை மூட்டையாகக் குவிந்து கிடந்தது, காவலோடு. ரயில் அதை உள்ளூருக்குக் கொண்டுபோனது. ஆனால் காசு இருந்தவருக்குத்தான் அது சோறு. சந்தையில் தலையிடக் கூடாது என்பது அன்றைய ஆட்சியின் கொள்கை. வாங்கும் சக்தி இல்லாதவர்களுக்கு அரசு சொன்ன வழி, ‘நிவாரண வேலை’. மண் வெட்டு, கல் உடை, கூலி வாங்கிக்கொள்.

அந்தக் கூலியைக் குறைக்க வந்தவர்தான் ரிச்சர்ட் டெம்பிள். 1877 தொடக்கத்தில், உழைக்கும் ஓர் ஆணுக்கு ஒரு நாளைக்கு ஒரு பவுண்டு தானியமும் கொஞ்சம் சில்லறையும் போதும் என்று நிர்ணயித்தார். ஒரு பவுண்டு என்றால் அரைக் கிலோவுக்கும் குறைவு. நாள் முழுக்க மண் சுமக்கிற உடம்புக்கு இது காணாது என்று சென்னையின் சுகாதார ஆணையராக இருந்த கார்னிஷ் கடுமையாக எதிர்த்தார். சில மாதங்களில் அந்த அளவு கைவிடப்பட்டது. அதற்குள் எத்தனை உயிர் போனதோ அத்தனையும் போனதுதான்.

அப்படிப்பட்ட காலத்தில், பஞ்ச நிவாரண வேலையாக வெட்டப்பட்டதுதான் மயிலாப்பூர் வழியாக ஓடும் இந்தக் கால்வாய். தானியத்துக்காக உடம்பைக் கொடுத்தவர்கள், பின்னாளில் நகரத்துக்குத் தானியம் வர வழி வெட்டிக் கொடுத்தார்கள். கால்வாய்க்கு வைத்த பெயர் அப்போதைய ஆளுநர் பக்கிங்காம் கோமகனுடையது. வெட்டியவர்கள் ஒருவருக்கும் பெயர் இல்லை. அதே பஞ்சத்தில் ஹூப்பர் என்ற ராணுவ அதிகாரி எடுத்த புகைப்படங்களை நீங்கள் பார்த்திருப்பீர்கள். விலா எலும்பு தெரிய உட்கார்ந்திருக்கும் மனிதர்கள். அங்கேயும் படம் எடுத்தவருக்குத்தான் பெயர்.

வெட்டியவர்கள் யாராக இருப்பார்கள்? நிலம் வைத்திருந்தவர் பஞ்சத்தில் முதலில் நகையை விற்பார், பிறகு மாட்டை, பிறகு நிலத்தை. விற்க எதுவும் இல்லாதவர்தான் முதல் வாரத்திலேயே மண்வெட்டியோடு வரிசையில் நிற்பார். சென்னையைச் சுற்றியிருந்த செங்கல்பட்டு மாவட்டத்தில் அப்படி எதுவும் இல்லாதவர்கள் யார் என்பதை, பஞ்சம் முடிந்து 13 ஆண்டுகள் கழித்து அரசின் அதிகாரியே எழுதிவைத்தார். 1891இல் ட்ரெமென்ஹீர் கொடுத்த அறிக்கை அது. சேரி மக்களுக்கு நிலம் இல்லை, பண்ணையில் படியாட்களாகக் கட்டுண்டு கிடக்கிறார்கள், குடியிருக்கும் மனைகூட அவர்களுக்குச் சொந்தமில்லை, எதிர்த்துப் பேசினால் மிராசுதார் வீட்டைவிட்டே துரத்தலாம் என்று அது சொன்னது. 1892இல் பஞ்சமி நில ஒப்படைப்புக்கு வழி திறந்தது அந்த அறிக்கைதான்.

இது ஏதோ தொலைதூரக் கிராமத்துக் கதை இல்லை. அன்றைய செங்கல்பட்டு மாவட்டத்தின் தலைமையிடம் சைதாப்பேட்டை. இன்று அங்கே எம்.சி. ராஜா விடுதியில் தங்கிப் படிக்கும் தோழர்கள் இதை நினைவில் வைத்துக்கொள்ள வேண்டும். அடையாறில் 1894இல் கர்னல் ஆல்காட் பஞ்சமர் பிள்ளைகளுக்கு இலவசப் பள்ளி தொடங்கினார் என்றால், பள்ளிக்கூடம் மறுக்கப்பட்ட சேரிகள் அடையாற்றங்கரையிலேயே இருந்தன என்றுதான் பொருள். 1907இல் பண்டிதர் அயோத்திதாசர் தம் இதழை நடத்தியது இராயப்பேட்டையிலிருந்து. கால்வாயிலிருந்து நடந்து போகிற தூரம். ‘மயிலாப்பூர் பண்பாடு’ என்று சொல்லும்போது இந்த வரலாறும் அதற்குள் வர வேண்டும்.

தானியத்தின் தடம் ஊர்ப் பெயர்களிலும் ஒட்டிக்கொண்டிருக்கிறது. மயிலாப்பூரின் பழைய காய்கறிச் சந்தைக்குத் தண்ணித்துறை மார்க்கெட் என்று பெயர். படகு அணையும் இடம்தானே துறை? மந்தைவெளி என்ற பெயரில் மாடு மேய்ந்த வெளி இருக்கிறது. மேற்கு மாம்பலத்தில் லேக் வியூ ரோடு இருக்கிறது, ஏரி இல்லை. தியாகராய நகர் எழுந்ததே 1920களில் பெரிய ஏரி ஒன்றைத் தூர்த்த இடத்தில்தான். ஏரி போனால் பாசனம் போகும். பாசனம் போனால் வயல் போகும். வயலில் வேலை செய்த கூலிக் குடும்பங்கள் எங்கே போயிருப்பார்கள்? நகரத்தின் ஓரத்துக்கு, நீர்க்கரைக்கு. 1931இல் கடற்கரையிலிருந்து தாம்பரத்துக்கு மின்சார ரயில் ஓடியது. மாம்பலத்தில் வீட்டு மனைக்கு மதிப்பு கூடியது. ஏரி இருந்ததற்கான நினைவு தெருப் பலகையில் மட்டும் தங்கியது.

கால்வாயும் மெல்லச் செத்தது. ரயிலும் லாரியும் சரக்கை எடுத்துக்கொண்டன. 1960களின் புயல்கள் கால்வாயைச் சிதைத்தன. படகு நின்ற பிறகு நகரம் அதில் சாக்கடையைத் திறந்துவிட்டது. நாற்றம் வந்த பின் நிலத்துக்கு விலை இல்லை. விலை இல்லாத இடத்தில்தான் கூலிக்காரரால் குடிசை போட முடிந்தது. வீட்டு வேலை, மூட்டை தூக்கும் வேலை, துப்புரவு வேலை என்று நகரத்தைத் தாங்கும் வேலைகளைச் செய்தவர்கள் கால்வாய்க் கரைக்கு வந்தது இப்படித்தான்.

அடுத்து வந்தது பறக்கும் ரயில். 1995இல் சேப்பாக்கம் வரை, 1997இல் திருமயிலை வரை, 2004இல் திருவான்மியூர் வரை, 2007இல் வேளச்சேரி வரை. திருவல்லிக்கேணியிலிருந்து திருவான்மியூர் வரை இந்தப் பாதை பெரும்பாலும் கால்வாயோடு ஒட்டியே போகிறது. தூண்களைப் பாருங்கள், பல இடங்களில் தண்ணீருக்கு நடுவிலேயே நிற்கின்றன. நிலம் கையகப்படுத்தும் செலவு இல்லை என்பதால் கால்வாயே பாதையானது. நீரோட்டத்தின் அகலம் குறைந்தது.

இங்கேதான் ஒரு சொல்லைப் பிடித்துப் பேச வேண்டியிருக்கிறது. ஆக்கிரமிப்பு. தண்ணீருக்கு நடுவில் நிற்கும் கான்கிரீட் தூணுக்குப் பெயர் வளர்ச்சித் திட்டம். கரையில் நிற்கும் பத்துக்குப் பத்து வீட்டுக்குப் பெயர் ஆக்கிரமிப்பு. வெள்ளம் வந்தால் குற்றம் எப்போதும் வீட்டின் மேல்தான். நீர்நிலை காக்கப்பட வேண்டும் என்பதில் எங்களுக்கு இரண்டு கருத்து இல்லை. வெள்ளத்தில் முதலில் மூழ்குவது எங்கள் மக்களின் வீடுதான். ஆனால் ஒரே கால்வாயை இரண்டு அளவுகோலால் அளப்பது சட்டமும் இல்லை, சூழலியலும் இல்லை. பழைய மிராசுதார் முறையின் புதுப் பதிப்பு அது.

2000த்திலிருந்து கண்ணகி நகர், அதன் பிறகு செம்மஞ்சேரி, பெரும்பாக்கம் என்று நகரத்தின் தென்கோடிக்கு இந்த மக்கள் அனுப்பப்பட்டார்கள். 2022 மே மாதம் ராஜா அண்ணாமலைபுரத்தில், இதே கால்வாய்க் கரையில், கோவிந்தசாமி நகர் வீடுகள் நீதிமன்ற உத்தரவின்பேரில் இடிக்கப்பட்டன. எதிர்த்துத் தீக்குளித்த ஒருவர் மறுநாள் இறந்தார். அதன் பிறகுதான் மந்தைவெளி, மயிலாப்பூர்ப் பகுதியிலேயே மாற்று வீடு என்று முதல்வர் சட்டமன்றத்தில் அறிவித்தார். பக்கத்திலேயே இடம் தர முடியும் என்றால், அதைச் சொல்ல ஓர் உயிர் ஏன் தேவைப்பட்டது? 1891இல் ட்ரெமென்ஹீர் எழுதிய அதே வரிதான் இங்கேயும் ஓடுகிறது: குடியிருக்கும் மனை அவர்களுக்குச் சொந்தமில்லை.

வரலாறு படிக்கிற தோழர்களுக்கு எங்கள் வேண்டுகோள் ஒன்றுதான். திருமயிலை நிலையத்தில் இறங்கி, கால்வாயை ஒட்டி அடையாறு வரை நடங்கள். கரையில் இருக்கும் பெரியவர்களிடம் மூன்று கேள்வி கேளுங்கள். உங்கள் குடும்பம் எந்த ஊரிலிருந்து வந்தது? இங்கே வந்து முதலில் என்ன வேலை பார்த்தது? படகு வந்ததைப் பார்த்தவர் யாராவது வீட்டில் இருந்தார்களா? பதிலை அவர்கள் அனுமதியோடு பதிவு செய்யுங்கள். பழைய குடும்ப அட்டை, வாக்காளர் அடையாள அட்டை, மின் கட்டண ரசீது, பள்ளிச் சான்றிதழ் எதுவானாலும் படி எடுத்து அவர்களிடமே ஒரு பிரதி கொடுங்கள். நாளை இடிக்க வரும்போது எத்தனை ஆண்டாக இருக்கிறாய் என்று கேட்பார்கள். அப்போது அந்தத் தாள் பேசும்.

அமெரிக்கச் சிற்றூரில் கோபுரம் நிற்கிறது, ஆள் இல்லை. இங்கே கட்டடம் இல்லை, ஆனால் வெட்டியவர்களின், சுமந்தவர்களின் பேரப்பிள்ளைகள் இன்னும் கரையில் இருக்கிறார்கள். அவர்களையும் அப்புறப்படுத்திய பிறகு சாட்சி தேடிப் பயனில்லை. இப்போதே போய்க் கேளுங்கள்.