அண்ணலின் ஆராய்ச்சிக் கட்டுரை கற்பிக்கும் பாடம்

“ஆராய்ச்சியில் கண்டறிந்துள்ளார்கள்” என்று ஒருவர் கூறிவிட்டால் நம்மவர் பலர் மறுபேச்சின்றி அமைதியாகி விடுகின்றனர். எழுத்தறிவு நெடுங்காலம் மறுக்கப்பட்ட மக்களுக்கு அச்செழுத்தின்மீது இத்தகைய அச்சம் இருப்பது வியப்பன்று. ஆயினும், வெள்ளி விழாக் காணும் நம் கல்விச் சங்கத்தின் இளைஞர்கள் அவ்வச்சத்தைக் கடந்தாக வேண்டும். அதற்கு ஆராய்ச்சி வெளியீடு எவ்வாறு உருவாகிறது என்பதை முதலில் அறிதல் வேண்டும்.

முற்காலத்து ஐரோப்பிய அறிஞர்கள் தாம் கண்டவற்றை ஒருவருக்கொருவர் கடிதமாக எழுதிவந்தனர். 1665-ஆம் ஆண்டு இலண்டனில், ராயல் சொசைட்டியின் செயலாளர் ஹென்றி ஓல்டன்பர்க் அத்தகைய செய்திகளைத் தொகுத்து ஓர் இதழாக வெளியிடத் தொடங்கினார். ஒருவர் கண்டதைப் பலரும் அறிந்து சோதிக்க வழி பிறந்தது. எவர் வாய்ச்சொல்லையும் அப்படியே ஏற்கலாகாது என்பதே அக்கழகத்தின் கொள்கை. அறிவுடைமை அதிகாரத்தில் வள்ளுவப் பெருந்தகை வற்புறுத்தியதும் இதுவேயன்றோ?

இம்முறையை விளக்க நம் அண்ணலைவிடச் சிறந்த சான்று வேறில்லை. 1916 மே 9 அன்று நியூயார்க் நகரின் கொலம்பியாப் பல்கலைக்கழகத்தில், மானிடவியல் அறிஞர் கோல்டன்வைசர் நடத்திய கருத்தரங்கில், இருபத்தைந்து வயது அம்பேத்கர் இந்தியச் சாதிகளின் இயக்கம், தோற்றம், வளர்ச்சி பற்றிக் கட்டுரை படித்தார். 1917 மே மாதம் அக்கட்டுரை ‘இந்தியன் ஆன்டிகுவரி’ என்னும் ஆராய்ச்சி இதழில் வெளிவந்தது. நம்மைப் பற்றிப் பிறரே எழுதிவந்த காலத்தில், தீண்டத்தகாதவரென ஒதுக்கப்பட்ட குலத்தில் பிறந்த ஒருவர் சாதியையே ஆய்வுப் பொருளாக்கினார்.

எடுத்த எடுப்பில் தம் முடிவை அவர் கூறிவிடவில்லை. செனார்ட், நெஸ்பீல்டு, ரிஸ்லி, கேட்கர் ஆகிய நால்வரின் விளக்கங்களை முன்வைத்து எடைபோட்டார். ரிஸ்லியோ 1901 மக்கள் தொகைக் கணக்கெடுப்பின் தலைமை அதிகாரி. அவர் விளக்கத்தில் புதுமை ஏதுமில்லை என அண்ணல் ஒதுக்கினார். அங்கே பதவி பேசவில்லை, காரணமே பேசிற்று. தன் பிரிவுக்குள்ளேயே மணம் முடிக்கும் அகமண வழக்கமே சாதியின் உயிர்நிலை என்பது அவர் முடிபு. உடன்கட்டை ஏறுதல், கட்டாயக் கைம்மை, குழந்தை மணம் ஆகியவை அதனைக் காக்கும் வழிகள் என்று காரணம் காட்டினார். இறுதியில், தம் கொள்கை பொருந்தாதென நிறுவினால் அதனைக் கைவிடவும் இசைவதாகக் கூறினார்.

திருத்தம் அவருக்கும் நேர்ந்தது. ரூபாய்ச் சிக்கலைப் பற்றி இலண்டனில் அவர் அளித்த ஆய்வேட்டைத் திருத்தித் தருமாறு 1923-இல் தேர்வாளர்கள் கேட்டனர். திருத்தி அளித்தார், அவ்வாண்டே அஃது ஏற்கப்பட்டு நூலாகவும் வெளிவந்தது. முன்னுரை எழுதிய பேராசிரியர் எட்வின் கேனன், அண்ணலின் வாதங்களுள் பெரும்பாலானவற்றைத் தாம் ஏற்கவில்லை என்று வெளிப்படையாகவே எழுதினார். ஆயினும் அவற்றின் புதுமையைப் பாராட்டினார். கருத்து மாறுபடுவது பகைமையன்று என்பதற்கு இதனினும் சான்று வேண்டுமோ?

இக்காலத்தில் நல்ல இதழ்கள் தமக்கு வரும் கட்டுரையை அத்துறை வல்லுநர் சிலருக்கு அனுப்புகின்றன. அவர்கள் குறை காட்டினால் ஆசிரியர் திருத்த வேண்டும், தகுதியற்றது திருப்பப்படும். அச்சேறிய பின்னர்ப் பெரும்பிழை வெளிப்பட்டால் கட்டுரை திரும்பப் பெறப்படுவதும் உண்டு. ஆனால், பணம் பெற்றுக்கொண்டு ஆராயாமலே வெளியிடும் போலி இதழ்களும் மலிந்துள்ளன. ஆகவே, அச்சிட்ட பெயரைக் கண்டு மயங்காமல், சான்று யாது, அஃது எங்கிருந்து பெறப்பட்டது, மாற்றுக் கருத்துக்கு விடை உண்டா என்று நாம் வினவ வேண்டும்.

இவ்வினாக்களை நம்மை இழிவுபடுத்தும் எழுத்துகளிடம் மட்டும் கேட்பது நேர்மையாகாது. நம் குலப்பெருமை பேசும் துண்டு வெளியீடுகளிடமும் கேட்க வேண்டும். செவிக்கு இனிக்கிறது என்பதற்காகச் சான்றற்றதை ஏற்போமாயின், நம் உண்மை வரலாற்றையும் பிறர் நம்ப மறுப்பர்.

இளைஞர்களே! நம் ஊர்களில் எழுதப்பட வேண்டியவை ஏராளம். முதியோர் சொல்லக் கேட்டு, கேட்ட நாளையும் சொன்னவர் பெயரையும் குறித்து வையுங்கள். பழைய ஆவணங்களைப் பாதுகாத்து ஒப்புநோக்குங்கள். ஆராய்ச்சி அங்கேதான் தொடங்குகிறது. அண்ணல் திறந்த வாயில் நமக்காகவே திறந்திருக்கிறது. சான்றுகளோடு அதனுள் நுழைவோமாக!