சப்ரகமுவத் தோட்டப் பள்ளிகளில் வாய்மொழித் திறன் விருத்தி

வாய்மொழித் திறன் என்பது, ஒரு குழந்தை தான் கண்டதையும் கேட்டதையும் எண்ணியதையும் பிறர் விளங்கிக்கொள்ளுமாறு எடுத்துச் சொல்லவும், பிறர் சொல்வதைக் கருத்தூன்றிக் கேட்டு அதற்கேற்ற மறுமொழி பகரவும் வல்லதாகும் ஆற்றல். கேட்டல், பேசுதல், வாசித்தல், எழுதுதல் என மொழிப் போதனாசிரியர் வகுக்கும் நான்கனுள் முதலிரண்டும் இதன்பாற் படும். இலங்கையின் சப்ரகமுவ மாகாணத்தில், இரத்தினபுரி, கேகாலை என்னும் இரு மாவட்டங்களின் தேயிலை, றப்பர்த் தோட்டங்களைச் சார்ந்த தமிழ்ப் பள்ளிகளில், ஆரம்பக் கல்வியின் அங்கமாக இத்திறன் வளர்ந்தும் தேய்ந்தும் வந்த வகை இங்கே கூறப்படும்.

நுவரெலியாவைப் போல ஒரு தோட்டம் முடியுமிடத்தில் மற்றொன்று தொடங்க, மலைமலையாய்த் தமிழ் ஒலிக்கும் நிலைமை இம்மாகாணத்தில் இல்லை. பலாங்கொடை, இறக்குவானை, காவத்தை, நிவித்திகலை, எஹலியகொடைப் பகுதிகளிலும், களனிப் பள்ளத்தாக்கைச் சேர்ந்த எட்டியாந்தோட்டை, தெரணியகலை, தெஹியோவிட்ட, புளத்கொஹுபிட்டிய ஆகிய பகுதிகளிலும் தோட்டங்கள் சிங்களக் கிராமங்களுக்கிடையே சிதறிக் கிடக்கின்றன. 2012 ஆம் ஆண்டுக் குடிசன மதிப்பீட்டில் இந்தியத் தமிழர் எனப் பதியப்பட்டோர் இரு மாவட்டங்களிலும் சேர்த்து ஓரிலட்சத்தைச் சற்றே தாண்டினர். இலங்கைத் தமிழர் எனத் தம்மைப் பதிந்துகொண்டோரிலும் பலர் தோட்டவழி வந்த மலையகத் தமிழரே. ஆகவே இங்கு பிறக்கும் பிள்ளை தொழிலாளர் வரிசைக் குடியிருப்பாகிய லயத்தில் தமிழையும், கடையிலும் பஸ்ஸிலும் ஆஸ்பத்திரியிலும் சிங்களத்தையும் ஒரே பிராயத்தில் கேட்டு வளர்கிறது.

பிள்ளை கொண்டுவரும் பேச்சு

ஐந்து வயதிற் பள்ளி வாயிலில் வந்து நிற்கும் பிள்ளை வெறும் வாயோடு வருவதில்லை. அதன் பேச்சை ஆராய்வோர் அதில் நான்கு படைகளைக் காணலாம். அடியிற் கிடப்பது, திருச்சிராப்பள்ளி, சேலம், மதுரை, இராமநாதபுரம், திருநெல்வேலி, புதுக்கோட்டைச் சீமைகளிலிருந்து ஆள்சேர்ப்போராகிய கங்காணிமார் அழைத்துவந்த மக்கள் தம்மோடு கொண்டுவந்த நாட்டுப்புறத் தமிழ். அப்பாயி, அம்மாயி என்னும் முறைப்பெயர்களும், விடியுமுன் எழுவதைக் குறிக்கும் ‘வெள்ளன’ என்னும் சொல்லும் அப்படையின. இரண்டாவது, தோட்ட நிருவாகத்தின் ஆங்கிலச் சொற்கள் தொழிலாளர் நாவிற் பழகித் தமிழுருப் பெற்ற தொகுதி. ‘லைன்’ லயமாயிற்று, காலையில் ஆட்களைக் கூட்டும் ‘பரேட்’ பெரட்டாயிற்று, பெயர்ப் பதிவேடு செக்ரோலாயிற்று. மூன்றாவது, போர்த்துக்கேயர் காலத்து எச்சம். லயத்து அறையைக் குறிக்கும் காம்பரா என்னும் சொல் அவ்வழி வந்தது. பெற்றோர் மலைக்குப் போகும் வேளையிற் சிறு குழந்தைகளை விட்டுச் செல்லும் இடம் அதனாலேயே பிள்ளைக்காம்பரா எனப் பெயர் பெற்றது. தாயின் மடிக்கு அடுத்தபடியாகக் குழந்தை பேசக் கற்கும் இடம் அதுவாதலால், வாய்மொழிக் கல்வியைப் பற்றி எழுதப் புகுவோர் பள்ளிக்கூடத்தினின்றன்றிப் பிள்ளைக்காம்பராவினின்று தொடங்குவதே முறையாகும். நான்காவது படை சிங்களம். மற்றை மலைநாட்டுத் தோட்டங்களினும் இது சப்ரகமுவவில் தடிப்பு மிக்கது.

இந்நான்காம் படையாற் பிள்ளைக்கு நேரும் அநுபவம் நுட்பமானது. தமிழிலே பாட்டனைக் குறிக்கும் ‘தாத்தா’ சிங்களத்திலே தந்தையைக் குறிக்கும். ஆகையால், தாத்தாவைப் பற்றிச் சொல்லுமாறு ஆசிரியர் கேட்குமிடத்து, கிராமத்துப் பிள்ளைகளோடு விளையாடி வளர்ந்த ஒரு மாணவன் தகப்பனைப் பற்றிச் சொல்லத் தொடங்குவானாயின், அது அறியாமையன்று. இரு மொழிகளையும் உள்ளத்தில் ஒருங்கே தாங்கும் சாமர்த்தியத்தின் விளைவு. சில சொற்களில் இரு மொழிகளும் ஒரே உவமையைப் பற்றி நிற்றலும் உண்டு. றப்பர் மரத்தில் ஊறுவதைத் தமிழர் பால் என்றும் சிங்களவர் அதே பொருளில் கிரி என்றும் வழங்குவர். ஆசிரியர் இவ்வொற்றுமையை எடுத்துக்காட்டின், மொழிகள் பகையல்ல என்பதைப் பிள்ளை தன் வீட்டுத் தொழிலிலிருந்தே கண்டுகொள்ளும்.

தேயிலைத் தோட்டத்துப் பிள்ளைக்கும் றப்பர்த் தோட்டத்துப் பிள்ளைக்கும் உள்ள வேறுபாட்டையும் இங்கே குறித்தல் தகும். தென்னமெரிக்க மரமாகிய றப்பர் 1876 இல் ஹெனரத்கொடைத் தாவரவியற் பூங்காவிற் கன்றுகளாக வந்திறங்கி, இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்திற் களனிப் பள்ளத்தாக்கெங்கும் பரவிற்று. வெயில் ஏறுமுன்னரே பால் நன்கு வடியுமாதலால், பால்வெட்டுக்குப் போகும் தாயும் தந்தையும் இருள் பிரியுமுன் கத்தியும் வாளியுமாய்ப் புறப்பட்டு விடுவர். பிள்ளை தானே எழுந்து, தம்பி தங்கையரை ஒழுங்கு செய்து, பேச்சுத் துணையின்றிப் பள்ளிக்கு வரும். ஆனால் சிரட்டை, ஒட்டுப்பால், மழை நாளில் வெட்டு இல்லாமை, மரத்திற் பட்டையெடுக்கும் விதம் இவற்றையெல்லாம் அப்பிள்ளையிடம் கேட்டால், தாம் அறியாத பல விஷயங்களை ஆசிரியர் அதன் வாயிலாக அறிந்துகொள்ளலாம்.

இவற்றுக்கு மேலாக, தாலாட்டு, ஒப்பாரி, கும்மி, கோலாட்டம் என்பனவும், மாசி மாதத்தில் நிகழும் காமன் கூத்தும், பொன்னர் சங்கர், அருச்சுனன் தபசு ஆகிய ஆட்டங்களும் தோட்டச் சமுதாயத்தின் வாய்மொழிச் செல்வங்கள். ஸி. வி. வேலுப்பிள்ளை அவற்றுட் பாடல்களைத் திரட்டி ‘மலைநாட்டு மக்கள் பாடல்கள்’ என நூலாக்கினார். எழுத்தறியாதவரென ஒதுக்கப்பட்ட மக்கள் இரவெல்லாம் பாட்டாலும் வசனத்தாலும் ஒரு கதையை நடத்தவல்லராயிருக்க, அவர்தம் பிள்ளைகள் வகுப்பறையில் வாய்திறவாதிருந்ததன் காரணத்தைப் பள்ளியின் வரலாற்றிலேயே தேடுதல் வேண்டும்.

பள்ளியின் பூர்வ வரலாறு

தோட்டங்களில் முதலில் எழுந்தவை, கங்காணிமார் சிலர் ஊரிலிருந்து வாத்தியார் ஒருவரை வருவித்து, லயத்துத் திண்ணையிலோ கொட்டிலிலோ நடத்திவைத்த பள்ளிகள். பகலிற் பிள்ளைகளும் மலைக்குச் சென்றமையால் அவை பெரும்பாலும் மாலையிலோ இரவிலோ கூடின. மணலில் எழுத்து, அரிச்சுவடி, எண்சுவடி, ஆத்திசூடி, கொன்றைவேந்தன் என்ற கிரமத்திற் பாடம் நடந்தது. ஒரு பிள்ளை முன்னே சொல்ல மற்றையோர் சேர்ந்து பின்னே சொல்லும் முறை வைத்தலே அங்கு போதனாமுறை. உச்சாரண சுத்திக்கும் ஞாபக சக்திக்கும் அது மிகவும் பிரயோஜனப்பட்டதாயினும், தன் எண்ணத்தைத் தன் சொல்லாற் கூறும் சந்தர்ப்பம் அதிற் பிள்ளைக்குக் கிட்டவில்லை. 1854 இல் தொடங்கப்பெற்ற தமிழ்க் கூலி மிஷன் கோப்பித் தோட்டங்களிற் பள்ளிகளை நிறுவிய காலத்திலும், வேதவசனங்களை நெட்டுருச் செய்வித்ததன்றிச் சம்பாஷணைக்கு இடமளிக்கவில்லை.

அரசாங்கத்தின் நன்கொடை முறை இவ்வழக்கத்தை மேலும் இறுக்கிற்று. 1869 இற் பொதுப் போதனைத் திணைக்களம் அமைக்கப்பட்டு, அடுத்த ஆண்டு முதல் உதவி பெறும் பள்ளிகளுக்குப் பரீட்சைப் பெறுபேற்றின்படி பணம் அளக்கப்பட்டது. பரிசோதகர் சோதித்தவை வாசிப்பு, எழுத்து, கணக்கு என்னும் மூன்றே. பேச்சுக்குப் பணமில்லை, ஆதலால் பேச்சுக்கு நேரமும் இல்லை. 1907 ஆம் ஆண்டுக் கிராமப் பள்ளிக் கட்டளைச் சட்டத்தில் தோட்டங்களுக்கென விதிகள் சேர்க்கப்பட்டன. 1920 இன் கல்விக் கட்டளைச் சட்டம், ஆறு முதற் பத்து வயதுவரையுள்ள தோட்டப் பிள்ளைகளுக்குத் தாய்பாஷையிற் கல்வியளிக்கவும், அதற்கென அறையும் ஆசிரியரும் ஏற்படுத்தவும் தோட்ட நிருவாகிகளாகிய துரைமாரைக் கடமைப்படுத்திற்று. தாய்பாஷை என்று சட்டம் வகுத்ததைத் தோட்ட மக்களுக்குச் செய்த உபகாரமெனக் கருதுதல் கூடாது. ஆங்கிலம் பணியாளரை உயர்த்திவிடும் என்னும் அச்சமே அதன் உள்ளீடு. ஓர் ஆசிரியர், ஓர் அறை, பல வகுப்புகள் என்ற அமைப்பில், அமைதியே ஒழுங்கென்றும் பேச்சே குழப்பமென்றும் கருதப்பட்டது இயல்பாயிற்று.

1945 இன் இலவசக் கல்வியும் தாய்மொழிப் போதனையும் நாட்டின் ஏனைய பிள்ளைகளுக்குத் திறந்த கதவு தோட்டப் பிள்ளைக்குச் சரிவரத் திறக்கவில்லை. 1948 இன் பிரசாவுரிமைச் சட்டம் பெற்றோரை நாடற்றவராக்கிற்று. 1960, 1961 ஆம் ஆண்டுகளில் உதவி பெறும் பள்ளிகளை அரசு ஏற்றபோதும் தோட்டப் பள்ளிகள் விடப்பட்டன. 1977 முதலே அவை படிப்படியாக அரசின்கீழ் வந்தன. அக்காலத்தையொட்டியே 1977, 1981, 1983 ஆம் ஆண்டுகளில் தமிழருக்கெதிரான வன்செயல்கள் நிகழ்ந்தன. 1981 ஓகஸ்தில் இரத்தினபுரி, காவத்தைப் பகுதிகளின் தோட்டங்கள் தாக்குண்டன. குடும்பங்கள் பல வவுனியாப் பக்கம் பெயர்ந்தன. பொதுவிடத்தில் தமிழ் பேசுதலே அபாயமென்று அஞ்சித் தாய்மார் பிள்ளைகளின் வாயைப் பொத்திய காலம் அது. அக்காலப் பிள்ளைகளே இக்கால மாணவர்தம் வீட்டு மூத்தோர் என்பதை வகுப்பிற் பேசாதிருக்கும் மாணவனைக் கடிந்துகொள்ளும் ஆசிரியர் எண்ணிப்பார்த்தல் வேண்டும்.

பாடத்திட்டமும் வகுப்பறையும்

‘வாய்வன்மை’ எழுத்தறிவுக்கு இணையான ஒரு கல்விப் பயன் என்னும் கருத்துக்கு இங்கிலாந்தில் அண்ட்ரூ வில்கின்சன் 1965 இல் தனிச்சொல் ஒன்றை ஆக்கினார். இலங்கையில் அக்கருத்து தேசிய கல்வி நிறுவகம் வகுத்து, 1998 இற் கம்பஹா மாவட்டத்தில் முதலில் பரீட்சித்து, மறு ஆண்டு நாடெங்கும் புகுத்திய ஆரம்பக் கல்விச் சீர்திருத்தத்தின் வாயிலாக வந்தது. அதன்படி தரம் 1, 2 முதலாம் முதன்மை நிலை, தரம் 3, 4 இரண்டாம் நிலை, தரம் 5 மூன்றாம் நிலை. முதல் நிலையில் விளையாட்டும் செயற்பாடும் மிகுந்தும், மேலே செல்லச் செல்ல எழுத்து வேலை மிகுந்தும் வரும். ஆங்கிலம் முதல் வகுப்பிலிருந்தே செயலோடு இயைந்த பேச்சாகவும், சிங்களம் இரண்டாம் தேசிய மொழியாகவும் அறிமுகமாகின்றன. சப்ரகமுவத் தோட்டப் பிள்ளைக்குச் சிங்களம் ஏற்கெனவே நாவிலிருப்பதால், அப்பாடத்திலே கூச்சமின்றி முதலிற் பேசுவது பெரும்பாலும் அப்பிள்ளையே.

தமிழ்ப் பாடத்தில், லயப் பேச்சைத் திருத்தி நூற்றமிழை ஊட்டிய பின்னரே பேசவிடல் வேண்டும் என்னும் பழைய அபிப்பிராயம் தவறானது. பிள்ளை ‘வெள்ளன அம்மா மலைக்குப் போயிருச்சு’ என்று சொல்லுமாயின், அதை முழுமையாகக் கேட்டு, மேலும் இரண்டு வினாக்களை எழுப்பி, ஐந்தாறு வாக்கியங்கள் வரும்வரை தூண்டிய பின், அதே செய்தியை ‘அதிகாலையில் அம்மா வேலைக்குச் சென்றார்’ என்று ஆசிரியர் தாமே இயல்பாகத் திருப்பிச் சொல்லுதல் போதும். காலையிற் செய்தி கூறல், படம் பார்த்துக் கதை சொல்லல், பாவைகளைக் கொண்டு உரையாடல், விடுகதை, தோட்டத்துக் கடையை வகுப்பில் நடித்தல் என்பன பயன்தரும் முறைகள். காமன் கூத்தில் ரதியாகவும் மதனாகவும் வேடமிடக் கண்ட பிள்ளைக்கு நடிப்பைப் புதிதாகப் போதிக்க வேண்டியதில்லை.

கல்வியமைச்சு ஆண்டுதோறும் நடத்தும் தமிழ்த்தினப் போட்டியிற் பேச்சும் பாவோதலும் உள்ளன. ஆயினும் ஆசிரியர் எழுதிக் கொடுத்த உரையை ஒரு மாணவன் ஒப்புவித்தல் பழைய முறை வைத்தலின் தொடர்ச்சியே. மற்றை மாணவர் போட்டியிலும் கேட்போராகவே அமர்ந்திருப்பர். தரம் 5 புலமைப்பரிசில் பரீட்சை முற்றிலும் எழுத்தாலானது. ஆகவே நான்காம் வகுப்பு முதலே வினாத்தாள் பயிற்சி பேச்சு வேளையை விழுங்கிவிடுகிறது.

தற்போது ஆசிரியர் தொகை முன்னையினும் பெருகியுள்ளது. பத்தனை ஸ்ரீபாதக் கல்வியியற் கல்லூரியிற் பயின்றோரும் இப்பகுதிகளிற் பணியாற்றுகின்றனர். சிறு பள்ளிகளில் ஓராசிரியர் பல தரங்களை ஒருசேரக் கற்பித்தல் இன்னும் நீங்கவில்லை. அருகில் தமிழ்ப் பள்ளி இன்மையாலோ, மேல்வகுப்பு இன்மையாலோ சிங்கள மொழிமூலப் பள்ளிக்கு அனுப்பப்படும் பிள்ளைகளுக்கு, தமிழ் என்பது எழுத்தைக் காணாது, அப்பாயியோடு பேசும் பேச்சாக மட்டும் லயத்துக் காம்பராவில் நிற்கிறது.