வருமானக் கணக்கில் வராத சொத்து: பின்லாந்தின் இரு மொழியினரும் ஆயுள் இடைவெளியும்

பின்லாந்தில் சுவீடிஷைத் தாய்மொழியாகக் கொண்டோர் சுமார் 5 விழுக்காட்டினர். பின்னிஷ் பேசும் பெரும்பான்மையினரைவிட இவர்களின் சராசரி ஆயுள் கூடுதல். ஆண்களிடம் இந்த இடைவெளி மிகத் தெளிவு. மக்கள் பதிவேட்டில் தாய்மொழியும் இடம்பெறுவதால், இறப்புப் பதிவுகளோடு இணைத்து இதை ஆராய முடிகிறது. விபத்து, தற்கொலை, மது சார்ந்த சாவுகளில் இடைவெளி பெரிது.

சுவீடிஷ் பழைய ஆளும் வர்க்கத்தின் மொழி, ஆகவே அதைப் பேசுவோர் வசதியானவர்கள் என்று விளக்கிவிடலாமா? முடியாது: ஒஸ்ட்ரோபோத்னியா கடற்கரையிலும் தென்மேற்குத் தீவுகளிலும் அவர்களில் பலர் தலைமுறை தலைமுறையாக உழவர்கள், மீனவர்கள். ஆய்வாளர்கள் யான் சாரெலா, ஃபியலார் ஃபின்னஸ் இருவரும் கல்வி, வருமானம், மணநிலை முதலியவற்றின் பங்கைக் கழித்துப் பார்த்தபோது ஆண்களிடையே இடைவெளி சுருங்கியது, மறையவில்லை. மற்றோர் ஆய்வாளரான மார்க்கு ஹூப்பா வேறு காரணம் சொன்னார்: பாடகர் குழுக்கள், சங்கங்கள், அவை வளர்க்கும் பரஸ்பர நம்பிக்கை. இதைச் சமூக மூலதனம் என்றார்.

பொருளாதாரமா, பண்பாடா என்று இதைப் பிரித்துக் கேட்பதையே நான் ஏற்கவில்லை. பாடகர் குழுவுக்குக் கூடம் வேண்டும், நடத்துநருக்குச் சம்பளம் வேண்டும். சுவீடிஷ் பண்பாட்டு நிதியம் 1908 முதல் இயங்குகிறது. ஓபோ அக்காடெமி என்ற பல்கலைக்கழகம் 1918-இல் தனியார் நன்கொடைகளால் எழுந்தது. சுவீடிஷ் சபைகளுக்கெனத் தனி மறைமாவட்டம் 1923-இல் வந்தது. முந்தைய தலைமுறைகளின் செல்வம் இப்படிப் பொதுச் சொத்தாக உறைந்து நிற்கிறது. ஒரே சம்பளம் வாங்கும் இரு தச்சர்களில் ஒருவருக்கு மட்டும் இந்த வாசல்கள் திறந்திருந்தால், வருமானத்தைச் சமன்செய்யும் புள்ளியியல் அந்த வேறுபாட்டை எப்படிக் காணும்?

இழப்பின் பக்கமும் இருக்கிறது. அது போதிய கவனம் பெறவில்லை என்பதே என் கருத்து. இரண்டாம் உலகப் போரில் கிழக்குப் பகுதியான கரேலியாவைச் சோவியத் ஒன்றியத்திடம் இழந்ததால் 4 லட்சத்துக்கும் மேற்பட்டோர் வீடும் நிலமும் விட்டு வந்தார்கள். ஏறத்தாழ அனைவரும் பின்னிஷ் பேசுவோர். அவர்களைக் குடியமர்த்த வந்த 1945-ஆம் ஆண்டு நிலச் சட்டம், ஊர்களின் மொழி விகிதம் மாறக்கூடாது என்று விதித்தது. சுவீடிஷ் ஊர்கள் பெரும்பாலும் அப்படியே நின்றன. ஒரு சமூகத்தின் அண்டை அயல் கலையாமல் காக்கப்பட்டது. இன்னொன்றில் ஒரு பகுதி வேரோடு பெயர்ந்தது. தொடர்ந்து ஒரே ஊரில் வாழ்வதால் விளையும் நம்பிக்கையைப் பண்பாட்டுக் குணம் என்று மட்டும் எழுதுவது இடம்பெயர்ந்த மக்களுக்கு இழைக்கும் அநீதி.

இடப்பெயர்வு மட்டுமே காரணம் அல்ல: பின்னிஷ் பேசுவோர் வாழும் கிழக்குப் பின்லாந்தில் இதய நோய் மிகுதி என்பது உண்மை. 1972-இல் இதய நோய்த் தடுப்புக்கான வட கரேலியத் திட்டம் தொடங்கியதே அதனால்தான். மரபுவழிக் கூறுகளையும் ஒதுக்க முடியாது. ஆகவே ஒப்பீட்டைக் குறுக்க வேண்டும்: இருமொழி ஊர் ஒன்றில் சுவீடிஷ் குடும்பங்கள், பல தலைமுறையாக அங்கேயே வாழும் பின்னிஷ் குடும்பங்கள், வெளியிலிருந்து வந்து குடியேறிய பின்னிஷ் குடும்பங்கள் என மூன்று பிரிவினரையும் தனித்தனியே அளக்கலாம். முதல் இரண்டுக்கும் இடைவெளி சிறுத்து, மூன்றாவது விலகி நின்றால், மொழியின் பெயரில் நாம் இதுவரை அளந்ததில் பெரும்பங்கு இடப்பெயர்வே.