குழிக்குக் காவல் நின்ற சம்மட்டி

சென்ற வாரம் அஜித் பெரேராவை உயர் நீதிமன்ற வாசலில் விட்டிருந்தேன். பொதுக் கட்டடங்களுக்குள் சக்கர நாற்காலி நுழைய வழி கேட்டு, 2011 ஏப்ரல் 27இல் அவர் பெற்ற கட்டளைதான் இந்த வாரத்துக்கென்று சொன்னது. அதற்குள் ஜேக்கபஸ் டென்புரூக் குறுக்கே வந்துவிட்டார். வந்தவரை இலேசில் அனுப்ப மனமில்லை. கட்டளை அடுத்த வாரம்.

1911இல் கனடாவில் பிறந்தவர். 7 வயதில் விளையாட்டு அம்பு ஒரு கண்ணைக் கெடுத்தது. 14 வயதுக்குள் மற்றதும் போயிற்று. சட்டத்தில் கலாநிதிப் பட்டம் பெற்ற மனிதரை பேர்க்லி பல்கலைக்கழகம் பேச்சுக்கலைத் துறையில் வைத்திருந்ததை என்னால் இன்னும் மன்னிக்க முடியவில்லை. 1966இல் அவர் எழுதிய கட்டுரையின் தலைப்பு, ‘உலகில் வாழும் உரிமை’. முழுக்க முழுக்கத் தீங்கியல் வழக்குகள்: பார்வையற்றவர் வீதிக் குழியில் விழுகிறார், நட்டஈடு கேட்கிறார், எதிர்த்தரப்புச் சட்டத்தரணி எழும்பி, கவனயீனம் உங்களுடையதே என்கிறார். நம்மூர்ப் பேச்சில், “கண் தெரியாதவருக்கு ரோட்டில என்ன அலுவல், ஊட்டோட இரிக்கப்படாதா?”

வீதி அவருக்கும் உரியது, வெட்டுகிறவர் அதை அறிந்தே வெட்ட வேண்டும், வெள்ளைப் பிரம்பு இல்லாமல் வந்ததைக்கூட குற்றமாக எடுக்கக் கூடாது என்பது டென்புரூக்கின் கட்சி.

அத்தகைய வழக்கொன்று: இலண்டனில் 1956இல் மின்சார சபை நடைபாதையில் குழி வெட்டியது. தடுப்பாக, மண் இறுக்கும் நீண்ட பிடிச் சம்மட்டி ஒன்றைச் சாய்த்து வைத்தார்கள். ஒரு முனை வேலியில், மறுமுனை தரையில். வேலைக்குப் போன ஹேலி என்ற பார்வையற்றவரின் பிரம்பு அதைத் தொடவில்லை, கால் தட்டியது. விழுந்தவருக்குக் காதும் கேளாமற் போனது. கீழ் நீதிமன்றங்கள் இரண்டும் கைவிரித்தன. பார்வையற்றவர்களும் நடைபாதையில் வருவார்கள் என்பது எவருக்கும் தெரியக்கூடியதே என்று 1964இல் பிரபுக்கள் சபை ஹேலி பக்கம் தீர்த்தது. கல்முனையில் கான் மூடி உடைந்த இடத்தில் மரக்கொப்பொன்றைக் குத்தி வைக்கிறோமே, அதுவும் கண்ணுள்ளவருக்கான காவல்தான்.

இலங்கையில் தீங்கியலுக்கு அடி உரோமன் டச்சுச் சட்டம். விழுந்தவரிடமும் பிழை இருந்தால் நட்டஈட்டை அடியோடு மறுக்காமல் விகிதப்படி குறைக்கலாம் என்ற சட்டம் இங்கே 1968இல் வந்தது. டென்புரூக் காலமானதும் அவ்வாண்டுதான். கண் தெரியாமல் வெளியே வந்தது அந்தப் பிழைக் கணக்கில் சேருமா என்று கேட்டு, குழி வெட்டிய கொந்தராத்துக்காரர் எவரையாவது கல்முனை மாவட்ட நீதிமன்றத்துக்கு ஒருவர் இழுத்தால், முன் வாங்கில் எனக்கு ஓர் இடம் பிடித்து வையுங்கள்.