மறைப்புச் சுவரின் இருபுறம்: மிலான் நகரக் கன்னியர் மடத் தேவாலயமும் அதன் ஓவியங்களும்

இத்தாலியின் மிலான் நகரில் உள்ள சான் மௌரீட்சியோ தேவாலயத்தைச் சுற்றுலா நூல்கள் ‘மிலானின் சிஸ்டைன் சிற்றாலயம்’ என்று புகழ்கின்றன. ஓவியங்களின் மிகுதியை உணர்த்த இப்பட்டம் உதவலாம். ஆயின் அவை எவர்க்காக வரையப்பட்டன என்னும் வினாவை அது மறைத்துவிடுகிறது. பெண்கள் வாழ்ந்து வழிபட்ட ஓரிடத்தைப் போப்பாண்டவரின் அரண்மனை ஆலயத்தைக் கொண்டு அளப்பது எவ்வாறு பொருந்தும்?

பெனடிக்ட் சபைக் கன்னியரின் ‘பெரிய மடத்தை’ச் சார்ந்த இவ்வாலயத்தின் கட்டுமானம் 1503இல் தொடங்கியது. சாம்பல்நிறக் கல்லாலான எளிய முகப்பைக் கடந்து உள்ளே செல்வோர் காண்பது, ஆலயத்தை இரண்டாகப் பிரிக்கும் ஒரு சுவர். அதன் முன்புறம் பொதுமக்களுக்கு உரியது. பின்புறம் கன்னியர்க்கு உரியது. கம்பியிட்ட திறப்பின் வழியாகவே அவர்கள் திருப்பலியில் பங்குகொண்டனர். சுவர் மேல்விதானத்தைத் தொடவில்லை. எனவே உருவம் மறைந்தாலும் அவர்களது பாடலொலி மக்களை எட்டியது.

இச்சுவரின் இருபுறமும் ஈரச் சுண்ணப்பூச்சின்மீது ஓவியம் தீட்டியவர் பெர்னார்தீனோ லுயீனி. மக்கள் பகுதியில் புனிதர்கள் சூழ மண்டியிட்டிருப்போர் அலெஸ்ஸாந்த்ரோ பெந்திவோலியோவும் அவர் மனைவி இப்போலீத்தா ஸ்ஃபோர்சாவும். இவர்களுடைய மகள் அலெஸ்ஸாந்த்ரா அம்மடத்திலேயே கன்னியாக இருந்து பின்னர் மடத்தலைவியும் ஆனார். அவ்வாறாயின், பெற்றோரின் உருவம் மக்கள் பக்கம். மகளின் வாழ்வோ சுவருக்கு அப்பால். கன்னியர் நாள்தோறும் நோக்கிய மறுபுறத்தில் கிறிஸ்துவின் பாடுகளும் பெண் புனிதர்களும் இடம்பெற்றுள்ளனர். கொடை குடும்பத்தினுடையது, கைவண்ணம் லுயீனியுடையது என்று மட்டும் எழுதி நிறுத்தும் கலை வரலாறு, அம்மடத்துப் பெண்களை வெறும் பார்வையாளராக்கி விடுகிறது என்பது என் கருத்து. மடத்தின் ஆலயம் மடத்தலைவியின் விருப்பத்திற்குப் புறம்பாக ஒப்பனை பெற்றிருத்தல் அரிது.

வலப்புறமுள்ள பெசோத்சி சிற்றாலயத்தை லுயீனி 1530இல் வரைந்தார். அங்குத் தலைவெட்டப்படும் புனித கத்தரீனின் முகம், 1526இல் மரணதண்டனை பெற்ற ஷல்லான் சீமாட்டியின் முகமே என்று கதையாசிரியர் பந்தெல்லோ எழுதிவைத்தார். இச்செய்தி பெற்ற கவனத்தில் ஒரு பங்கேனும் மடத்தலைவியர்க்குக் கிட்டியதில்லை. லுயீனிக்குப் பின் அவர் மகன்கள் பணியைத் தொடர்ந்தனர். கன்னியர் பகுதியில் அவுரேலியோ வரைந்த நோவாவின் பேழைக் காட்சியில் ஒற்றைக்கொம்புக் குதிரைகளும் ஏறுகின்றன! 1554இல் அந்தேஞாத்தி அமைத்த ஆர்கன் இசைக்கருவியும் இப்பகுதியிலேயே உள்ளது.

நெப்போலியப் படையெடுப்பின் விளைவாக எழுந்த சிசால்பீனக் குடியரசின் காலத்தில், 1798இல், மடம் ஒடுக்கப்பட்டது. கன்னியர் வெளியேறினர், மடத்து வளாகத்தின் எஞ்சிய பகுதி இன்று தொல்லியல் அருங்காட்சியகம். ஓவியங்கள் காக்கப்பட்டன; அவற்றை நோக்கி வழிபட்ட சமூகமோ கலைந்தது. இன்று வருவோர் சிறு வாயில் ஒன்றின் வழியே கன்னியர் பகுதிக்குள் எளிதாக நுழைந்து, அவர்கள் அமர்ந்திருந்த மர இருக்கைகளின் நடுவே நின்று சுவரின் மறுபுறத்தைக் காண்கின்றனர்.