பிரெடி மில்ஸ்: எடையை மீறிய போட்டிகள்

பிரெடி மில்ஸ் (ஜூன் 26, 1919 – ஜூலை 25, 1965) இங்கிலாந்தைச் சேர்ந்த தொழில்முறைக் குத்துச்சண்டை வீரர். 1948 முதல் 1950 வரை லைட்-ஹெவிவெயிட் எடைப்பிரிவின் உலகச் சாம்பியனாக இருந்தார். 101 தொழில்முறைப் போட்டிகளில் 77 வெற்றிகளைப் பெற்றார். அவற்றில் 55 நாக்-அவுட் முறையில் கிடைத்தவை. 18 போட்டிகளில் தோற்றார், 6 சமனில் முடிந்தன. இரண்டாம் உலகப்போரை ஒட்டிய ஆண்டுகளில் பிரிட்டனில் மிகவும் விரும்பப்பட்ட விளையாட்டு வீரர்களில் ஒருவர் அவர். பின்வாங்காமல் முன்னேறிச் சென்று அடிப்பதும், அடி வாங்கியும் நிற்பதும் அவருக்குப் புகழ் தந்தன. அவரது உடலைச் சிதைத்ததும் அதே பாணிதான்.

இளமையும் சந்தைக் கூடாரங்களும்

மில்ஸ் இங்கிலாந்தின் தென்கடற்கரை நகரமான போர்ன்மவுத்தில் எளிய குடும்பத்தில் பிறந்தார். பள்ளிப் படிப்புக்குப் பின் பால் வண்டியில் உதவியாளராக வேலை செய்தார். 1936-ல், பதினாறு வயதிலேயே தொழில்முறை வீரரானார்.

அக்காலத்தில் இங்கிலாந்தின் ஊர்ச் சந்தைகளில் குத்துச்சண்டைக் கூடாரங்கள் இருந்தன. கூடாரத்தின் முன் வீரர்கள் வரிசையாக நிற்பார்கள். கூட்டத்திலிருந்து யார் வேண்டுமானாலும் மேடையேறி அவர்களுடன் மோதலாம். சில சுற்றுகள் தாக்குப்பிடிப்பவருக்குப் பரிசுப் பணம் உண்டு. கூடார வீரர் ஒரே நாளில் பலருடன் மோத வேண்டியிருந்தது. எதிரில் வருபவரின் எடையை யாரும் பார்ப்பதில்லை. இந்த மோதல்கள் எந்தப் பதிவேட்டிலும் ஏறுவதுமில்லை. மில்ஸ் தொழில் பழகிய இடங்களில் இக்கூடாரங்களும் அடங்கும். ஆகவே மேலே சொன்ன 101 என்ற எண்ணிக்கை அவர் வாங்கிய அடிகளின் முழுக் கணக்கு அல்ல.

அவரிடம் நுட்பமான தற்காப்பு இருக்கவில்லை. தலையைத் தாழ்த்தி, இரு கைகளாலும் வீசியபடி எதிராளியை நோக்கிச் செல்வார். இடது ஹூக் அவரது முதன்மையான ஆயுதம். ஓர் அடி கொடுப்பதற்காக இரண்டு அடி வாங்கத் தயங்காத முறை இது. பார்வையாளர்களுக்கு இதைவிட விறுவிறுப்பான ஆட்டம் வேறில்லை.

போர்க்காலம்

போர் தொடங்கியதும் மில்ஸ் பிரிட்டிஷ் விமானப் படையில் சேர்ந்து உடற்பயிற்சி ஆசிரியராகப் பணியாற்றினார். போர்க்காலத்திலும் குத்துச்சண்டைப் போட்டிகள் நடந்தன. 1940-ல் புகழ்பெற்ற ஜாக் மெக்காவோயைப் புள்ளிகள் அடிப்படையில் வென்றார். 1942-ன் தொடக்கத்தில் மீண்டும் அவரை வென்று, சாம்பியனுடன் மோதும் தகுதியைப் பெற்றார்.

பிரிட்டனின் லைட்-ஹெவிவெயிட் சாம்பியனாக அப்போது இருந்தவர் லென் ஹார்வி. நுட்பமான ஆட்டத்துக்குப் பெயர் பெற்றவர். ஆனால் 1939-க்குப் பிறகு அவர் போட்டி மேடை ஏறவில்லை. 1942 ஜூன் 20-ல் லண்டனில் டாட்டன்ஹாம் கால்பந்து மைதானத்தில் இருவரும் மோதினர். இரண்டாம் சுற்றில் மில்ஸின் அடியில் ஹார்வி கயிறுகளுக்கு வெளியே விழுந்தார். நடுவர் எண்ணி முடிப்பதற்குள் அவரால் மேடைக்குத் திரும்ப முடியவில்லை. பிரிட்டிஷ் பட்டமும் பேரரசின் பட்டமும் மில்ஸிடம் வந்தன. பிரிட்டிஷ் குத்துச்சண்டைக் கட்டுப்பாட்டு வாரியம் ஹார்வியை உலகச் சாம்பியனாகவும் ஏற்றிருந்ததால், பிரிட்டனில் மட்டும் அந்தப் பெயரும் மில்ஸுக்குக் கிடைத்தது. அமெரிக்காவில் கஸ் லெஸ்னெவிச்சே உலகச் சாம்பியனாகக் கருதப்பட்டார்.

எடைப் பிரிவின் சிக்கல்

லைட்-ஹெவிவெயிட் பிரிவின் உச்ச எடை 175 பவுண்டு, அதாவது சுமார் 79 கிலோ. அதற்கு மேல் ஹெவிவெயிட். அங்கே உச்ச வரம்பே கிடையாது. 100 கிலோ எடையுள்ளவரும் அதே பிரிவுதான். இடைவெளியை நிரப்பும் குரூசர்வெயிட் உலகப் பட்டம் 1970-களின் இறுதியில்தான் உருவானது. மில்ஸின் காலத்தில் 79 கிலோவைச் சற்றே தாண்டியவர், தன்னைவிட இருபது கிலோ கூடுதலான எதிராளியைச் சந்திக்கும் நிலை இருந்தது.

மறுபுறம், மக்களின் ஆர்வமும் பணமும் எப்போதும் ஹெவிவெயிட் பிரிவில்தான் குவிந்தன. மில்ஸின் மேலாளர் டெட் பிராட்ரிப்பும், போருக்குப் பிந்தைய லண்டனின் பெரும் போட்டி அமைப்பாளர் ஜாக் சாலமன்ஸும் அத்தொழிலில் ஊறியவர்கள். மில்ஸின் துணிச்சலுக்குச் சந்தை மதிப்பு இருந்தது. எடை அதிகமானவர்களுடன் அவர் மோதினால் அரங்கம் நிரம்பியது. மில்ஸும் மறுப்புச் சொல்பவர் அல்ல.

1944 செப்டம்பரில் காலியாக இருந்த பிரிட்டிஷ் ஹெவிவெயிட் பட்டத்துக்காக, தன்னைவிட மிகவும் கனமான ஜாக் லண்டனுடன் 15 சுற்றுகள் மோதிப் புள்ளிகளில் தோற்றார். பின்னர் விமானப் படைப் பணியாக இந்தியாவுக்கு அனுப்பப்பட்டார். ஓராண்டுக்கும் மேலாகப் பெரிய போட்டி எதுவும் இல்லை.

1946: ஓர் ஆண்டின் விலை

நாடு திரும்பியதும் மில்ஸுக்குக் கிடைத்தது உலகப் பட்டப் போட்டி. 1946 மே 14-ல் லண்டன் ஹாரிங்கே அரங்கில் லெஸ்னெவிச்சை எதிர்கொண்டார். இரண்டாம் சுற்றிலேயே நான்கு முறை தரையில் விழுந்தார். ஆனாலும் எழுந்து ஆட்டத்தைத் தன் பக்கம் திருப்பினார். லெஸ்னெவிச்சின் கண் வீங்கி மூடத் தொடங்கியது. வெற்றி கைக்கு எட்டும் என்று அரங்கம் நம்பிய வேளையில், பத்தாம் சுற்றில் மில்ஸ் மீண்டும் வீழ்த்தப்பட, நடுவர் போட்டியை நிறுத்தினார்.

இன்றைய விதிகளின்படி இப்படித் தோற்றவர் கட்டாய ஓய்வில் இருக்க வேண்டும், மருத்துவச் சோதனையும் செய்துகொள்ள வேண்டும். மில்ஸ் மூன்றே வாரங்களில், ஜூன் 4-ல், ஹெவிவெயிட் வீரர் புரூஸ் உட்காக்குடன் 12 சுற்றுகள் மோதித் தோற்றார். அதே ஆண்டு நவம்பரில் அமெரிக்க ஹெவிவெயிட் ஜோ பாக்ஸியுடன் மோதி, ஆறு சுற்றுகளுக்குப் பின் தொடர முடியாமல் விலகினார். 1947 ஜூனில் அமெரிக்கரான லாயிட் மார்ஷல் அவரை ஐந்தாம் சுற்றில் நாக்-அவுட் செய்தார். இக்காலத்துக்குப் பின் மில்ஸுக்குக் கடுமையான தலைவலியும் தலைசுற்றலும் இருந்தன.

உலகச் சாம்பியன்

1947 செப்டம்பரில் பெல்ஜியத்தின் போல் கோஃபோவை வென்று ஐரோப்பிய லைட்-ஹெவிவெயிட் பட்டத்தைப் பெற்றார். இது லெஸ்னெவிச்சுடன் மறுபோட்டிக்கு வழிவகுத்தது.

1948 ஜூலை 26-ல், லண்டன் ஒலிம்பிக் தொடங்குவதற்கு மூன்று நாட்களுக்கு முன், ஒயிட் சிட்டி மைதானத்தில் அந்தப் போட்டி நடந்தது. இம்முறை மில்ஸ் வழக்கத்தைவிட நிதானமாக ஆடினார். பத்தாம் சுற்றில் லெஸ்னெவிச்சை இரண்டு முறை வீழ்த்தினார். 15 சுற்றுகளின் முடிவில் புள்ளிகள் அடிப்படையில் வென்றார். பங்கீட்டு முறையும் குண்டுவீச்சின் இடிபாடுகளும் நீடித்த லண்டனில் அந்த வெற்றி பெருமகிழ்ச்சியாகக் கொண்டாடப்பட்டது. அதே ஆண்டில் பிராட்ரிப்பின் மகள் கிரிஸ்ஸியை மில்ஸ் மணந்தார். மேலாளர் மாமனாரும் ஆனார்.

சாம்பியனான பின்னரும் பழைய வழக்கம் மாறவில்லை. அடுத்த பதினெட்டு மாதங்களில் அவர் மோதியது தன் எடைப் பிரிவினருடன் அல்ல. 1948 நவம்பரில் தென்னாப்பிரிக்கா சென்று அந்நாட்டு ஹெவிவெயிட் ஜானி ரால்ஃபை வென்றார். 1949 ஜூனில் பிரிட்டிஷ் ஹெவிவெயிட் பட்டத்துக்காக மீண்டும் உட்காக்குடன் மோதி 14-ஆம் சுற்றில் நாக்-அவுட் ஆனார்.

1950 ஜனவரி 24-ல் லண்டன் ஏர்ல்ஸ் கோர்ட் அரங்கில் அமெரிக்காவின் ஜோயி மாக்சிமை எதிர்த்து முதன்முறையாக உலகப் பட்டத்தைக் காக்க முயன்றார். பத்தாம் சுற்றில் நாக்-அவுட் ஆகிப் பட்டத்தை இழந்தார். மூன்று பற்களும் போயின. மாக்சிம் பலத்த அடிக்குப் பெயர் பெற்றவர் அல்ல. அவரிடமே வீழ்ந்தது, மில்ஸின் உடல் எவ்வளவு தேய்ந்திருந்தது என்பதைக் காட்டியது. முப்பது வயதில் மில்ஸ் ஓய்வு பெற்றார்.

ஓய்வுக்குப் பின்

மில்ஸ் வானொலியிலும் தொலைக்காட்சியிலும் புகழ்பெற்றார். 1957-ல் பிபிசியின் ‘சிக்ஸ்-ஃபைவ் ஸ்பெஷல்’ இசை நிகழ்ச்சியின் தொகுப்பாளர்களில் ஒருவரானார். ‘கேரி ஆன் கான்ஸ்டபிள்’ உள்ளிட்ட திரைப்படங்களில் சிறு வேடங்களில் நடித்தார். லண்டன் சேரிங் கிராஸ் சாலையில் அவர் நடத்திய சீன உணவகம் 1963-ல் இரவு விடுதியாக மாற்றப்பட்டது. அந்தத் தொழில் நலிந்தது.

1965 ஜூலை 25-ல், உலகப் பட்டம் வென்ற நாளின் பதினேழாம் ஆண்டு நிறைவுக்கு முந்தைய நாளில், விடுதியின் பின்புறம் நின்ற தன் காரில் துப்பாக்கிக் காயத்துடன் இறந்து கிடந்தார். வயது 46. விசாரணை நீதிமன்றம் அதைத் தற்கொலை என்று தீர்மானித்தது. குடும்பத்தினர் அதை ஏற்கவில்லை. அவரது மரணத்தைப் பற்றி அதன்பின் பல நூல்களும் ஊகங்களும் வெளிவந்தன. எதுவும் தீர்ப்பை மாற்றும் அளவுக்கு நிறுவப்படவில்லை.

வரலாற்றில் இடம்

மர்மக் கதைகளின் ஆரவாரத்தில் மில்ஸின் வாழ்க்கை எழுப்பும் முக்கியமான கேள்வி மறைந்துபோகிறது. ஒரு வீரரின் துணிச்சலை எவ்வளவு தூரம் விற்கலாம்? அவர் போதும் என்று சொல்லாதபோது அதைச் சொல்ல வேண்டியவர் யார்?

தொடர்ந்து தலையில் அடிவாங்கும் வீரர்களுக்கு மூளை பாதிக்கப்படுவதை அமெரிக்க மருத்துவர் ஹாரிசன் மார்ட்லண்ட் 1928-லேயே எழுதியிருந்தார். பிரிட்டனில் மருத்துவரும் நாடாளுமன்ற உறுப்பினருமான எடித் சம்மர்ஸ்கில், தொழில்முறைக் குத்துச்சண்டையைத் தடைசெய்ய 1960-ல் கொண்டுவந்த முன்வரைவு தோற்றது. மில்ஸ் இறந்து நான்கு ஆண்டுகள் கழித்து, 1969-ல், ராயல் காலேஜ் ஆஃப் பிசிஷியன்ஸ் முன்முயற்சியில் நடந்த ஆய்வு வெளியானது. 1929-க்கும் 1955-க்கும் இடையில் பதிவுபெற்ற வீரர்களில் 224 பேரைச் சோதித்த அந்த ஆய்வு, ஏறத்தாழ ஆறில் ஒருவருக்கு நரம்பு மண்டலப் பாதிப்பு இருப்பதைக் கண்டது. அது மில்ஸின் தலைமுறை.

மில்ஸுக்கு அத்தகைய பாதிப்பு இருந்ததா என்பதை இன்று நிறுவ வழியில்லை. ஆனால் அவரது போட்டிப் பட்டியலே ஒரு சான்றாவணம். நான்கு முறை வீழ்ந்து எழுந்தவரை இருபத்தொரு நாட்களில் தன்னைவிடக் கனமானவர் முன் நிறுத்த அன்றைய விதிகளில் தடை இல்லை. கட்டாய ஓய்வு, மூளைச் சோதனை, இடைப்பட்ட எடைப்பிரிவு என்று இன்றைய வீரர்களுக்கு உள்ள பாதுகாப்புகள் ஏன் தேவைப்பட்டன என்பதை அறிய விரும்புபவர், மில்ஸின் 1946-ஆம் ஆண்டைப் படித்தாலே போதும்.